ஒரே ரிக்சா, மூன்று பேர்: சத்யன், எம்.ஜி.ஆர்., சிவாஜி

பார்வதிபுரத்தான்:

போன வாரம் துட்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் வளைகுடாவிலிருந்து வந்து சேர வேண்டும், எடுக்க நேரமாகும் என்று சொல்லிவிட்டார்கள். பந்தலில் இரண்டு பெரியவர்கள் கட்டன்சாயா குடித்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்கள். சிவாஜியா, எம்.ஜி.ஆரா? கால் மணி நேரத்தில் குரல் ஏறி, உள்ளே அழுதுகொண்டிருந்தவர்களே எட்டிப் பார்க்கிற நிலை ஆகிவிட்டது.

இந்த வழக்கு தீராததற்குக் காரணம் உண்டு. ஒருவர் கட்டபொம்மனைச் சொல்வார், மற்றவர் நாடோடி மன்னனைச் சொல்வார். தேங்காயை எண்ணியும் மரச்சீனிக் கிழங்கை நிறுத்தும் விற்கிற சந்தையில் எது பெரிசு என்று கேட்டால் என்ன சொல்ல?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு யோசனை. மூன்று பெரிய நடிகர்கள் ஒரே வேலையைச் செய்த படங்கள் இருக்கின்றன. 1965-இல் மலையாளத்தில் 'ஓடையில் நின்னு'. கேசவதேவ் எழுதிய நாவல், சேதுமாதவன் இயக்கம், ரிக்சா இழுக்கிற பப்புவாகச் சத்யன். அதே கதையைத் தமிழில் ஏ.சி.திருலோகசந்தர் 'பாபு' என்று எடுத்தார், சிவாஜி. வந்தது 1971 தீபாவளிக்கு. அதே வருடம் மே மாதம்தான் எம்.ஜி.ஆரின் 'ரிக்சாக்காரன்'. அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே, ஜூன் 15 அன்று, சத்யன் சென்னையில் இறந்துபோனார்.

நான் சிவாஜி ரசிகன். சின்ன வயதில் கட்டபொம்மன் வசனம் சொல்லி சோப்புப்பெட்டி பரிசு வாங்கியவன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இந்த ஒரு வேடத்தில் சத்யன்தான் முன்னே நிற்கிறார். உங்களுக்கு எப்படி?

குழித்துறை ஆறு:

அண்ணே, இதை எங்க பக்கத்தில் ஐம்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாகர்கோவில்காரர்களுக்கு இப்போதுதான் கேட்கிறது!

விளவங்கோட்டில் பிறந்தவனுக்கு இரண்டு சினிமாவும் சொந்தம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரிக்காரர்கள் நாம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், சரி. ஆனால் பஸ் ஏறினால் கேரளத்துப் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் பக்கம்தானே. எங்க பாட்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்யன் படமும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவாஜி படமும் பார்ப்பார். இரண்டையும் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்வது ஒன்றுதான்: "சிவாஜி அழுதா நமக்கு அழுகை வரும். சத்யன் அழாம இருப்பான், அப்பவும் நமக்கு அழுகை வரும்."

ஒரு கணக்கு சொல்கிறேன். சத்யன் 1912-இல் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார், குமாஸ்தா, பட்டாளம், போலீஸ் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 'ஆத்மசகி' வந்தது 1952. சிவாஜியின் 'பராசக்தி'யும் 1952. ஒருவர் நாற்பதை எட்டும்போது வந்தார், மற்றவர் இருபத்து நான்கில். ஒருவர் சின்னப் பிள்ளையிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மற்றவர் காக்கிச் சட்டையோடு நாலு விதமான ஆட்களைப் பார்த்து, அதட்டி, கேட்டு வந்தவர். நடிப்பு அங்கேயே பிரிந்துவிடுகிறது.

ரத்தத்தின் ரத்தம்:

தலைவரைத் தலைப்பில் போட்டுவிட்டு ஆள் இரண்டு பேரைப் பற்றியே பேசுகிறீர்களே. 'ரிக்சாக்காரன்' படத்துக்குத்தான் அவருக்கு இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கை ரிக்சாவை இழுத்துக்கொண்டே அவர் போடுகிற சண்டையை வேறு யாராவது போட முடியுமா?

குழித்துறை ஆறு:

கை ரிக்சா இல்லை அண்ணே. அதில் வருவது சைக்கிள் ரிக்சா. உட்கார்ந்து மிதிக்கிற வண்டி. சத்யனும் சிவாஜியும் இழுத்ததுதான் கை ரிக்சா. இரண்டும் வேறு வேறு பாடு.

ரத்தத்தின் ரத்தம்:

சரி, சைக்கிள் ரிக்சா. ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் கட்சி இன்னும் பலம்தான். அந்த வண்டியில் இருந்தபடியே சிலம்பம் சுற்றுவாரே, அதைப் பாருங்கள். 1917-இல் பிறந்தவர், அப்போது ஐம்பத்து நாலு வயசு. நான் பள்ளிக்கூட நாளில் கம்பு படித்தவன், எங்க ஆசான் அந்தச் சண்டையைச் சொல்லித்தான் மணிக்கட்டைத் திருப்பச் சொல்லிக் கொடுப்பார். நின்று சுற்றுகிறவனுக்கு இடுப்பும் காலும் துணைக்கு வரும். உட்கார்ந்திருப்பவனுக்கு மணிக்கட்டும் தோளும் மட்டும்தான். கம்பு முன்சக்கரத்தில் இடிக்காமல் கூடாரத்தில் தட்டாமல் வர வேண்டும். இதை நடிப்பு இல்லை என்று சொல்கிறவன் ஒருநாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கம்பு சுற்றிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. அழுகிற காட்சி வந்தால் தலைவர் கையால் முகத்தை மறைத்துக்கொள்வார் என்று கேலி செய்வார்கள். தனக்கு எது வரும், எது வராது என்று தெரிந்து வைத்திருந்த ஒரே நடிகர் அவர். அதுவும் ஒரு தெறமைதான்.

பார்வதிபுரத்தான்:

இந்தக் கடைசி வரியை நான் மறுக்க மாட்டேன். எம்.ஜி.ஆர். ரிக்சாக்காரராக நடிக்கவில்லை, ரிக்சா ஓட்டுகிற எம்.ஜி.ஆராக வந்தார். பார்த்தவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. சென்னையில் ரிக்சாக்காரர்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தவர், படத்திலும் அந்த ஆளாகவே வருகிறார். அங்கே வேடம் என்று தனியாக ஒன்று கிடையாது.

ஒரு சின்ன விஷயம், நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 'ரிக்சாக்காரன்' இயக்குநர் எம்.கிருஷ்ணன் நாயர், மலையாளத்தில் பெயர் எடுத்தவர். ஆக 1971-இல் தமிழில் வந்த இரண்டு ரிக்சாவையும் பின்னாலிருந்து தள்ளியது மலையாளம்தான்.

அருமனை ரப்பர்:

நான் சின்னப் பையன், அடிக்க வராதீங்க. 'பாபு' யூட்டியூபில் பார்த்தேன். சிவாஜி சார் பெரிய நடிகர்தான், ஆனா கொஞ்சம் ஓவர் ஆக்டிங் இல்லையா? பக்கத்து வீட்டில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி ஏன் எல்லாரும் அழுகிறார்கள்?

தோவாளைப் பிச்சி:

தம்பி, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்கணும் என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மைக் இல்லாத கொட்டகை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் அரையணா கொடுத்தாலும் அவனும் ரசிகன்தான். பாய்ஸ் கம்பெனி வாத்தியார்கள் பின்னால் போய் நின்று, "கேக்கலே, சத்தமாச் சொல்லு" என்று கம்பைக் காட்டிய காலம். சிவாஜி, எம்.ஜி.ஆர்., எம்.ஆர்.ராதா எல்லாம் அந்தப் பட்டறையில் வார்த்தவர்கள். அதே பட்டறையிலிருந்து மூன்று பேரும் மூன்று விதமாக வந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். ராதா குரலைத் தானே உடைத்து இரண்டு ஆளாகப் பேசினார். எம்.ஜி.ஆர். குரலை விட்டுவிட்டு உடம்பை எடுத்துக்கொண்டார். சிவாஜி ஒன்றையும் விடவில்லை.

பார்வதிபுரத்து அண்ணனுக்கு இப்போது பதில். நீங்கள் ஒரே கதை என்கிறீர்கள். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன், ஒரே கதை இல்லை. 'ஓடையில் நின்னு'வில் பப்புவின் ரிக்சா இடித்து, அவன் பிறகு வளர்க்கப்போகிற அந்தச் சின்னப் பெண் வாங்கி வந்த சாமான் எல்லாம் சாக்கடை ஓடையில் கொட்டிப் போகிறது. அவன் செய்த தப்பு, அவன் தலையில் விழுகிறது. பப்பு யாருக்கும் வணங்காத முரடன் வேறு. 'பாபு'வில் என்ன? தன்னை மனுசனாக மதித்து உட்கார வைத்துச் சோறு போட்ட வீடு ஒன்று, அந்த வீட்டு ஆண் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குழந்தையை இவன் தூக்கி நிறுத்துகிறான். செஞ்சோற்றுக் கடன்! அதற்கு ஏழு வருடம் முன்னால் கர்ணனாக நடித்த மனுசனுக்கு இதைக் கொடுத்தால் எப்படி நடிப்பார்? நன்றியைத்தான் நடிப்பார். நன்றி என்பது வெளியே காட்டுகிற குணம், குற்ற உணர்ச்சி உள்ளே வைத்துக்கொள்கிறது. சத்யன் அடக்கி நடித்தார் என்று பாராட்டும்போது, அடக்குவதற்கு அவருக்கு ஒரு பாத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பார்வதிபுரத்தான்:

அக்கா, இது நான் யோசிக்காத இடம். ஆனாலும் ஒரு கேள்வி. எழுத்து அப்படித்தான் என்றாலும் பின்பாதியில் வயசான பாபுவாக வரும்போது சிவாஜி ஒவ்வொரு வரிக்கும் ஒரு பாவம் வைக்கிறார். கண், உதடு, கை, தோள்துண்டு, எல்லாம் வேலை செய்கிறது. ஒன்றிரண்டைச் சும்மா விட்டிருக்கலாமே?

தோவாளைப் பிச்சி:

விட்டிருக்கலாம். 'முதல் மரியாதை'யில் விட்டார். அதற்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் விடச் சொல்கிற இயக்குநர் கிடைத்ததால்.

ஒழுகினசேரி:

நாகர்கோவில்காரன் நடிப்பைப் பற்றி இழை போட்டு, இத்தனை பதிவு போயும் கலைவாணர் பெயர் வரவில்லை. மணிமேடையில் நிற்கிற சிலை இறங்கி வந்து கேட்கும்.

சிவாஜியின் இரண்டாவது படம் 'பணம்', 1952. இயக்கியது யார்? ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன். பத்மினியை வைத்து 'மணமகள்' எடுத்ததும் அவர்தான், 1951. நடிகர்களை ஒப்பிடுகிறவர்கள் அவர்களை நடிக்க வைத்தவரை விட்டுவிடக் கூடாது.

சரி, ஒப்பிடத்தானே கேட்கிறீர்கள். 1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் கதாநாயகன் சிவாஜி. அதே படத்தில் கலைவாணர் சிரிப்பைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி விதவிதமாகச் சிரித்துக் காட்டுவார். வஞ்சகச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு என்று போகும். மெனக்கெட்டு அதை மட்டும் பாருங்கள். முகம் அதிகம் மாறாது. தொண்டையில் எங்கிருந்து சிரிப்பு கிளம்புகிறது என்பதுதான் மாறும். இது நாடகக் கம்பெனியில் படித்தது மட்டும் இல்லை. அவர் சின்ன வயதில் வில்லுப்பாட்டில் இருந்தவர். நம்ம ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். முன்னால் இருக்கிற புலவர் ஒரு வரி சொல்லி, வீசுகோலை வில்லில் தட்டி நிறுத்துவார். பின்னால் குடம் அடிக்கிறவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" விழுகிற இடம் தப்பினால் கதை செத்தது. கலைவாணர் வசனத்தைச் சொல்லிவிட்டு அந்த "ஆமா"வுக்கு இடம் விடுவார். அவர் மனைவியும் ஜோடியுமான மதுரம் அம்மா அந்த இடத்தில் "ஆமா" போடாமல் திருப்பிக் கேள்வி கேட்டுவிடுவார், அங்கேதான் சிரிப்பு. இடம் விடுவது என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் சத்யனைப் பார்த்து அடக்கி நடித்தார் என்று வியக்கிறார்கள். நம்ம வீட்டிலேயே இருந்தது அது, சிரிப்பு வேடத்தில் இருந்ததால் கண்ணில் படவில்லை.

அருமனை ரப்பர்:

அண்ணே, கலைவாணர் ரிக்சா ஓட்டியிருக்காரா?

ஒழுகினசேரி:

போலே. :)

குழித்துறை ஆறு:

ஒழுகினசேரி அண்ணன் சொன்ன "இடம் விடுவது" எனக்குப் பிடித்தது. ஆனால் ஒன்று வேறு. கலைவாணர் விடுகிற இடம் எதிரே இருப்பவர் சிரிக்க. சத்யன் விடுகிற இடத்தில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த ஆள் தனக்குத்தானே எதையோ விழுங்குகிறார், நாம் தற்செயலாகப் பார்த்துவிட்டோம், அவ்வளவுதான்.

மற்றபடி பழைய ஒப்பீடு ஒன்று விட்டுப்போனது. 'உத்தம புத்திரன்' 1940-இல் பி.யு.சின்னப்பா, 1958-இல் சிவாஜி. இரண்டிலும் இரட்டை வேடம். சின்னப்பாவின் பாட்டு அவர் குரலே, சண்டையும் அவரே. பழைய பிரிண்ட் என்பதால் பாதி முகம் தெரியாது, தெரிந்த பாதியே போதும். இதைப் பிறகு தனி இழையாகப் போடலாம்.

தோவாளைப் பிச்சி:

தனி இழை போடும்போது பெண்களுக்கும் ஒன்று போடுங்கள். இதுவரை எண்ணினேன். பத்மினி பெயர் ஒருமுறை, மதுரம் பெயர் ஒருமுறை. அவ்வளவுதான்.

இந்த ரிக்சாக் கதையில் உண்மையில் கஷ்டமான வேடம் யாருடையது? வளர்ந்த பெண்ணுடையது. தன்னை வளர்த்தவனைப் பார்த்து வெட்கப்படுகிறவள். பார்ப்பவர்கள் எல்லாரும் அவளை வெறுப்பார்கள் என்று தெரிந்தே நடிக்க வேண்டும். மலையாளத்தில் கே.ஆர்.விஜயா, தமிழில் வெண்ணிற ஆடை நிர்மலா. ('பாபு'வில் சின்னப் பெண்ணாக வருவது ஸ்ரீதேவி, அந்தக் கண்ணுக்கே தனி டிக்கெட் வைக்கலாம்.) விஜயா அந்த வெட்கத்தை ஒரு கெட்ட குணமாகக் காட்டாமல் அந்த வயசின் குணமாகக் காட்டியிருப்பார். நான் பிளஸ் டூ படிக்கும்போது என் அப்பா சைக்கிளில் பிச்சிப்பூக் கூடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் தோழிகள் பின்னால் ஒளிந்துகொள்வேன். அதனால் எனக்கு அந்தப் பெண்ணை வெறுக்க முடியவில்லை.

'நவராத்திரி'க்கும் இதே கதிதான். சிவாஜிக்கு ஒன்பது வேடம் என்று ஊரே சொல்லும். அந்த ஒன்பது ஆட்களையும் ஒவ்வொருவராகச் சந்திக்கிற ஒரே பெண் சாவித்திரி. ஒன்பது பேர் முன்னாலும் ஒரே பெண்ணாக இருந்துகொண்டே ஒன்பது விதமாகப் பயப்படவும் சிரிக்கவும் வேண்டும்.  அந்தக் கூத்துக் காட்சியில் சாவித்திரி ஆடுவதைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதட்டும், யார் யாருக்கு ஈடு கொடுத்தார்கள் என்று.

ரத்தத்தின் ரத்தம்:

அக்கா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. அந்தப் பூக்கூடை விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டேன்.

சுமைதாங்கி:

எழுதிப் பழக்கமில்லை, படிப்பதோடு சரி. இதில் ஒன்று சொல்லத் தோன்றியது.

என் அப்பா கோட்டாற்றில் மூடை சுமந்தவர். அரிசி மூடை, கருப்பட்டிச் சிப்பம். நானும் இரண்டு வருசம் கூடப் போனேன். சினிமாவில் பாரம் சுமக்கிறவன், வண்டி இழுக்கிறவன் வந்தால் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். கழுத்தைப் பார்ப்பேன். பாரம் ஏறினதும் கழுத்து குட்டையாகிவிடும், தோள் காதுப் பக்கம் வரும். பேச்சு நின்றுவிடும். யாராவது ஏதாவது கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும், அதுவும் மூக்கு வழியே. பாரத்தை இறக்கின பிறகுதான் வேடிக்கை. உடனே நிமிர மாட்டான். கொஞ்ச நேரம் பாரம் இருப்பது போலவே நிற்பான். கை எதையாவது பிடிக்கத் தேடும்.

வண்டி இழுப்பதும் அப்படித்தான். மேட்டில் முன்னால் சாய வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். இறக்கத்தில் பின்னால் சாய வேண்டும், ஏனென்றால் வண்டி நம்மைத் தள்ளும். நம்ம ஊர் ஏற்ற இறக்கத்தில் இறக்கம்தான் ஆளைக் கொல்லும்.

இதை வைத்துப் பார்த்தால் சத்யனின் தோள் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. சிவாஜி முகத்தால் இழுக்கிறார், தோள் கொஞ்சம் கம்மி. ஆனால் ஒன்று. பாரம் இறக்கின பிறகு அந்த ஆள் எப்படிச் சிரிப்பான், ஒரு சாயாவுக்கு எப்படிச் சந்தோசப்படுவான், குழந்தை ஓடி வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு எப்படித் தொடுவான், அதெல்லாம் சிவாஜியிடம்தான் இருக்கிறது. என் அப்பா வீட்டுக்கு வந்தால் சிவாஜி மாதிரி இருப்பார். வேலையில் சத்யன் மாதிரி இருந்திருப்பார். எம்.ஜி.ஆர். மாதிரி இருக்கணும் என்று அவருக்கு ஆசை. வீட்டில் மாட்டியிருந்த படம் அவர் படம்தான்.

குழித்துறை ஆறு:

அண்ணே, நீங்க அடிக்கடி எழுதணும்.

பார்வதிபுரத்தான்:

சுமைதாங்கி அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு என் தீர்ப்பை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. நேற்று ராத்திரி அம்மையை உட்கார வைத்து இரண்டு படத்தையும் போட்டேன். அம்மைக்கு எழுபத்தெட்டு வயசு, மலையாளம் நன்றாகப் புரியும்.

முதலில் 'ஓடையில் நின்னு'. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பப்புவுக்குக் காசநோய் வந்து இருமல் தொடங்குகிற இடத்தில் "நிறுத்து" என்றாள். என்னம்மா என்றேன். "உங்க பாட்டா கடைசியா இருமுன மாதிரியே இருக்கு. எனக்கு இதப் பாக்க வேண்டாம்." எழுந்து போய் வாசல் லைட்டை அணைத்துவிட்டு வந்தாள். படத்தை முடிக்கவில்லை.

பிறகு 'பாபு' போட்டேன். கடைசி வரை பார்த்தாள். முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள், நடுவில் அந்தப் பெண்ணை இரண்டு தடவை திட்டினாள், முடிந்ததும் "நல்ல படம்லே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பால் காய்ச்சினாள்.

ஒருவர் நடிப்பை அவளால் பார்க்க முடியவில்லை, மற்றவர் நடிப்பைப் பார்த்து அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். எதற்கு அதிக மார்க் போட என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரத்தத்தின் ரத்தம்:

அம்மைக்கு 'ரிக்சாக்காரன்' போடவில்லையா?

பார்வதிபுரத்தான்:

இன்று மதியம் போட்டேன். சண்டையைப் பார்க்கவில்லை, அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தபோதெல்லாம் கூடவே பாடினாள்.